விண்டோஸ் 10 கதை முடிந்தது: ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் பிழைப்பு ஓடுமா?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
வணக்கம். மார்க்கெட் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர், இரண்டுமே 2017-ல் வாங்கியது, ஆறாம் தலைமுறை ஐ3, ஒன்றில் 8 ஜிபி ரேம், இன்னொன்றில் 4. அக்டோபர் 14, 2025-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது என்று தினமும் திரையில் வந்து பயமுறுத்துகிறது. 11 போடலாம் என்றால் இந்த மெஷினுக்கு ஆகாதாம். சர்வீஸ் பையனைக் கேட்டால் "புதுசு வாங்கிடுங்க அண்ணே" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டான். மெஷின் நன்றாக ஓடுகிறது, ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை, அதை எதற்குத் தூக்கிப் போட வேண்டும்? ஆன்லைன் படிவம், பிரின்ட், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவ்வளவுதான் வேலை. கடை அடைத்த பிறகு பதினொன்றாவது படிக்கிற மகன் அதில் கேம் ஆடுவான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று வேறொரு சிஸ்டம் இருக்கிறது, அதைப் போடு என்று ஒருவர் சொன்னார். போட்டால் பிழைப்பு ஓடுமா? அனுபவப்பட்டவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

மிண்ட் டெர்மினஸ்:
அண்ணே, தாராளமாகப் போடலாம். லினக்ஸில் பல வகை உண்டு, அதில் லினக்ஸ் மிண்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்கிற லேசான பதிப்பு. உபுண்டு 24.04 என்கிற இன்னொரு லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது, 2029 வரைக்கும் அப்டேட் வரும், ஒரு பைசா கிடையாது. 4 ஜிபி மெஷினிலும் ஓடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி மட்டும் மாட்டிவிடுங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

கொருக்குப்பேட்டை கேட்:
வட சென்னையில் மிண்ட் என்றால் தங்கசாலை பஸ் ஸ்டாண்டுதான். 2029 வரை அப்டேட் வருமோ என்னவோ, எனக்கு பஸ் வந்தால் போதும்.

லோகோ ஒர்க்ஸ்:
மிண்ட் தம்பி, எடுத்த எடுப்பில் போடலாம் என்று சொல்லிவிடாதீர்கள். நான் லினக்ஸுக்கு எதிரி இல்லை, வீட்டில் பத்து வருஷமாக வைத்திருக்கிறேன். ஆனால் கடை வேறு, வீடு வேறு. கடையில் ஒருத்தர் பத்து ரூபாய் பிரின்டுக்கு வாசலில் நிற்கும்போது டெர்மினலைத் திறந்து கட்டளை அடித்துக்கொண்டிருக்க முடியாது. அண்ணே, முதலில் நான் கேட்கிற மூன்றுக்குப் பதில் சொல்லுங்கள். பிரின்டர் என்ன மாதிரி? டிடிபி எதில் செய்கிறீர்கள்? கைரேகை வைக்கிற வேலை உண்டா? சிஸ்டம் எதுவாக இருந்தாலும் சமாளிக்கலாம், அதில் தொங்குகிற இந்தச் சாமான்கள்தான் காலை வாரும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
பிரின்டர் எல்லா ஜெராக்ஸ் கடையிலும் இருக்குமே, சின்ன கறுப்பு வெள்ளை லேசர், பதினைந்து வருஷத்துக்கு முந்தைய மாடல், டோனர் நிரப்பி நிரப்பி ஓட்டுவது. டிடிபி பேஜ்மேக்கர் 7. கைரேகை மெஷின் ஒன்று உண்டு, ஆதார் வைத்துப் பணம் எடுக்க வயசானவர்கள் வருவார்கள்.

லோகோ ஒர்க்ஸ்:
நினைத்தேன். மூன்றும் சிக்கல்.

அந்தப் பிரின்டருக்குள் மூளை கிடையாது. பெரிய ஆபீஸ் பிரின்டர் என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் மாதிரி ஒரு மொழி அதற்கே புரியும், கம்ப்யூட்டர் "இந்த இடத்தில் இந்த எழுத்து" என்று சொன்னால் போதும். விலை குறைக்க வேண்டும் என்று உங்கள் மாதிரி சின்ன மாடல்களில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுக்கிற வேலை முழுக்க கம்ப்யூட்டரில் இருக்கிற டிரைவருடையது. அந்த டிரைவரின் உள்விவரத்தை கம்பெனி வெளியே சொல்லாவிட்டால் லினக்ஸ்காரர்கள் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில மாடலுக்கு அப்படிக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள், ஆனால் முப்பதாவது பக்கத்தில் நின்றால் யாரைத் திட்டுவீர்கள்?

பழைய பைண்டர்:
இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன், பேஜ்மேக்கர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பாரிமுனையில் இருபத்தைந்து வருஷம் டிடிபி போட்டவன் நான்.

பேஜ்மேக்கர் 1985-ல் வந்தது, கடைசிப் பதிப்பு 7, அது 2001-ல். அதற்கப்புறம் அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள், ஆனாலும் நம் ஊர் அச்சகங்களில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஏன் தெரியுமா? எல்லாம் ஃபான்ட்தான். நாம் பயன்படுத்திய பழைய தமிழ் ஃபான்டுகளில் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகள் உட்கார வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்த வேலை அது. கோப்பைத் திறந்து ஃபான்டை மாற்றிப் பாருங்கள், "திருமண அழைப்பிதழ்" இருந்த இடத்தில் புரியாத ஆங்கிலக் கிறுக்கல் நிற்கும். ஒவ்வொரு கம்பெனி ஃபான்டுக்கும் கிறுக்கல் வேறு வேறு.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றிகள் உண்டு. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம். பழைய ஃபான்டில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி, காதுக்குக் கேட்கிற வரிசை. மாற்றி சரியாக எழுதப்படாவிட்டால் கொம்பு தனியாக ஒரு பக்கம், கால் தனியாக ஒரு பக்கம் விழுந்து கிடக்கும். நான் ஒரு முறை ஒரு கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையை மாற்றியில் போட்டு, சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பி, ஐந்நூறு பிரதி பாழ். தர்மகர்த்தா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும், தமிழுக்கென்றே செய்த டேஸ் 16 குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. அறிவித்து என்ன, கல்யாணப் பத்திரிகைக்கு அழகான எழுத்து பழைய ஃபான்டில்தானே இருந்தது. யூனிகோடில் நல்ல ஃபான்டுகள் வர ரொம்ப நாள் ஆனது.

மிண்ட் டெர்மினஸ்:
ஐயா, ஸ்கிரைபஸ் பார்த்தீர்களா? கட்டற்ற மென்பொருள், பேஜ்மேக்கர் மாதிரியேதான். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடைந்துதான் தெரிந்தது, உண்மை. ஜனவரி 2024-ல் வந்த 1.6-ல் தமிழ் ஒழுங்காகச் சேர்கிறது. அச்சுக்கான நான்கு நிற முறை (சிஎம்ஒய்கே), அச்சுக்கான பிடிஎஃப் எல்லாம் உண்டு. லிப்ரே ஆபீஸ் 4.4-லிருந்தே பேஜ்மேக்கர் கோப்பையும் திறக்கும்.

பழைய பைண்டர்:
திறக்கும் தம்பி, திறந்து அதே கிறுக்கலைக் காட்டும். பழைய ஃபான்டையும் அதில் போட்டால் தமிழாகத் தெரியும், ஆனால் பத்தி எல்லாம் இடம் மாறியிருக்கும். புது வேலைக்கு ஸ்கிரைபஸ் நல்லது என்று நானே சொல்வேன். பதினைந்து வருஷத்துப் பழைய கோப்புக்கு அது மருந்து ஆகாது. போன வருஷம் அண்ணனுக்குப் பத்திரிகை அடித்த வீட்டில் இந்த வருஷம் தங்கைக்குக் கல்யாணம், "அதே டிசைன், பேர் மட்டும் மாத்துங்க" என்பார்கள். நம் தொழிலில் பாதி வருமானம் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
ஐயா என் கடையில் வந்து நின்று பார்த்த மாதிரியே சொல்கிறீர்கள்.

வியாசை கோலி:
அங்கிள், உங்கள் பையன் என்ன கேம் ஆடுகிறான் என்று யாருமே கேட்கவில்லையே. வேலரன்ட் என்றால் லினக்ஸை மறந்துவிடுங்கள். அதில் வான்கார்ட் என்று ஒரு காவல்காரன், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே சிஸ்டத்தின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வான், ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க. லினக்ஸில் அவனுக்கு இடமே கிடையாது. விண்டோஸ் 11-லும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப், ஆன் ஆகும்போதே சரிபார்க்கிற செக்யூர் பூட் இரண்டும் இருந்தால்தான் விடுவான். ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் ஓடாது. கவுன்டர் ஸ்டிரைக் 2 என்றால் நேராகவே ஓடும், ஆனால் அந்த ஐ3-ல், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், ஸ்லைடு ஷோ பார்க்கிற மாதிரி இருக்கும்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
அவனைக் கேட்டேன். வைஸ் சிட்டியாம். அப்புறம் ஏதோ கார் ரேஸ்.

வியாசை கோலி:
வைஸ் சிட்டியா! 2002-ல் வந்த கேம் அங்கிள் அது, நான் பிறக்கவே இல்லை. அப்படியானால் கவலையே வேண்டாம். ஆன்லைனில் கேம் விற்கிற ஸ்டீம்காரர்கள் 2018-ல் புரோட்டான் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், விண்டோஸ் கேம் கேட்கிறதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்கிற துபாஷி. தனியாக ஆடுகிற கேம்களில் பெரும்பாலானவை ஓடிவிடும். காவல்காரன் வைத்த ஆன்லைன் கேம்தான் தொல்லை. ஜிடிஏ 5 கூட ஆன்லைன் பகுதி லினக்ஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, செப்டம்பர் 2024-ல் அவர்களும் காவல்காரனைப் போட்டதும் கதவு மூடியது. கதைப் பகுதி மட்டும் இன்னும் ஓடும். கார் ரேஸுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டுக் கொடுங்கள், இலவசம், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஆடலாம்.

கொருக்குப்பேட்டை கேட்:
சூப்பர்டக்ஸ்கார்ட் நான் ஆடியிருக்கிறேன். பென்குயின் கார் ஓட்டுகிறது. எங்கள் ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்துக்கு மொத்த சீசனையும் முடித்துவிடலாம்.

கடற்காத்து:
காசிமேட்டில் செல்போன் ரிப்பேர் செய்பவன். கேம் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். நாங்கள் சின்னப் பையனாக இருந்தபோது பர்மா பஜாரில் டிவி கேம் வாங்கினோம், மஞ்சள் கேசட், மேலே "9999 இன் 1" என்று எழுதியிருக்கும், உள்ளே மொத்தமே பத்துப் பதினைந்து கேம்தான், திரும்பத் திரும்ப வரும். ஓடவில்லை என்றால் எடுத்து ஊதிப் போடுவோம். அது டூப்ளிகேட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேசட் என்னுடையது. பக்கத்துத் தெருப் பையனுக்குக் கொடுத்துவிட்டு அவனுடையதை வாங்கி ஆடுவேன். யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் கேம் நம்முடையது இல்லையாம், உரிமம் மட்டும்தானாம். 2024-லிருந்து ஸ்டீமிலேயே பணம் கட்டுகிற இடத்தில் அப்படி எழுதிக் காட்டுகிறார்கள். தி குரூ என்று ஒரு கார் ரேஸ் கேம், மார்ச் 31, 2024 அன்று சர்வரை நிறுத்தினார்கள், காசு கொடுத்து டிஸ்க்கில் வாங்கினவனுக்கும் சேர்த்துப் போய்விட்டது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும் என்று செய்து வைத்திருந்தார்கள். எண்ணூர் பக்கம் வீடு வாங்கினவன் பட்டா கேட்டு அலைகிற கதைதான் இதுவும்.

லோகோ ஒர்க்ஸ்:
பட்டா உவமை பிரமாதம். ஆனால் செல்போனைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டுக்குள்ளும் லினக்ஸ்தானே, அப்புறம் ஏன் மூன்று வருஷத்தில் அப்டேட் இல்லை என்று போன் செத்துப்போகிறது?

கடற்காத்து:
அடியில் லினக்ஸ்தான் சார், சாவி மட்டும் நம்மிடம் இல்லை. போன் ஆன் ஆகும்போது சிஸ்டத்தை ஏற்றுகிற பூட்லோடர் பூட்டியிருக்கும். சில கம்பெனிகள் திறக்க விடும், அதற்கும் ஒரு வாரம் காக்க வைக்கும், இப்போது அதையும் ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். திறந்துவிட்டால் லீனியேஜ் ஓஎஸ் போடலாம், பழைய போனுக்குப் புது ஆண்ட்ராய்டு வந்துவிடும். நானே ஆர்வக்கோளாறில் ஒரு ஏழெட்டுப் பேருக்குப் போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்கள். பணம் அனுப்புகிற செயலி திறக்கவில்லை. பூட்லோடர் திறந்த போனை அது நம்பாது. விடிகாலையில் மீன் ஏலம் எடுத்துவிட்டு, பணம் போகவில்லை என்று நிற்கிற ஆளுக்கு நான் கட்டற்ற மென்பொருள் தத்துவம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் பழையபடி மாற்றிக் கொடுத்தேன், கூலி வாங்காமல்.

இன்னொன்று, எங்கள் பக்கம் போன் சாவது சாஃப்ட்வேரால் மட்டும் இல்லை. உப்புக் காத்து. சார்ஜ் போடுகிற ஓட்டையில் பச்சை பிடித்துவிடும். முன்பெல்லாம் பின்மூடியை நகத்தால் கழற்றி பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போடுவார்கள். இப்போது பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், சூடு வைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுக்கும்போது பத்தில் ஒன்று டிஸ்ப்ளே போகும், பழி எனக்கு. ஐரோப்பாவில் பிப்ரவரி 2027-லிருந்து போன் பேட்டரியை வாங்கினவரே மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம். ஐபோனுக்கு சி டைப் சார்ஜர் வந்ததும் அவர்கள் சட்டம் போட்டதால்தான். அவர்கள் போடுகிற சட்டத்தில் நமக்குக் கொஞ்சம் சிந்தும், அதை நக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மிண்ட் டெர்மினஸ்:
எல்லாரும் குறையாகவே சொல்கிறீர்கள். படம் பார்க்க விஎல்சி எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்? 1996-ல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, இன்றைக்கும் விளம்பரம் இல்லை. அந்தத் தளத்தை 2022-ல் இந்தியாவில் முடக்கியபோது எவ்வளவு பேர் தவித்தார்கள், நவம்பரில்தான் திரும்ப வந்தது. குறை எங்கேதான் இல்லை? ஜூலை 2024-ல் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் ஒன்று தப்பாகப் போய் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரையில் நின்றது, ஏர்போர்ட்டில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே.

லோகோ ஒர்க்ஸ்:
அதே வருஷம் மார்ச்சில் எக்ஸ்இஸட் விவகாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. உலகம் பூராவும் லினக்ஸில் இருக்கிற சின்ன சுருக்குக் கருவி அது, ஒரே ஒரு ஆள் ஓய்ந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். உதவுகிறேன் என்று ஒருவன் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாகப் பழகி, பின்வாசல் வைத்துவிட்டான். அரை வினாடி தாமதம் ஆகிறதே என்று ஒரு பொறியாளர் சந்தேகப்பட்டுத் தோண்டியதால் பிழைத்தோம். மூலநிரல் திறந்திருந்ததால்தான் தோண்ட முடிந்தது என்பீர்கள், சரி. கவனிக்க ஆள் இல்லாததால்தான் உள்ளே புகுந்தான் என்பேன் நான்.

வியாசை கோலி:
அரை வினாடிக்கு சந்தேகப்பட்ட மனுஷன் எங்கள் ஏரியா நெட் ஸ்பீடைப் பார்த்தால் என்ன செய்வார்.

பழைய பைண்டர்:
இலவச லேப்டாப்பில் 2011-லேயே பாஸ் லினக்ஸ் போட்டுத்தானே கொடுத்தார்கள், விண்டோஸோடு சேர்த்து. மத்திய அரசின் சி-டாக் செய்தது, டெபியன் என்கிற லினக்ஸ் வழி வந்தது. என் அக்கா மகளுக்கும் கிடைத்தது. ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அது என்ன என்று சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வேண்டியவருக்கும் தெரியவில்லை. வாங்கின வாரமே கடையில் கொடுத்து அழித்துவிட்டு படம் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

மிண்ட் டெர்மினஸ்:
நான் அந்த லேப்டாப்பில்தான் லினக்ஸ் கற்றேன் ஐயா. தெரியாமல் அதில் பூட் பண்ணிவிட்டேன், திரும்ப வர வழி தெரியவில்லை, மூன்று நாள் அதிலேயே இருந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

கொருக்குப்பேட்டை கேட்:
கல்யாணமும் அப்படித்தான்.

லோகோ ஒர்க்ஸ்:
ஜெராக்ஸ் அண்ணே, என் யோசனை இது. ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, இப்போது புது மெஷின் வேண்டாம். 8 ஜிபி கம்ப்யூட்டரை விண்டோஸிலேயே வைத்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் அக்டோபர் 13, 2026 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கும், 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கைரேகை மெஷின், பிரின்டர், பேஜ்மேக்கர் மூன்றும் அதிலேயே இருக்கட்டும். 4 ஜிபி மெஷினில் எஸ்எஸ்டி போட்டு மிண்ட். படிவம், மெயில், புது டிசைன் எல்லாம் அதில். பேஜ்மேக்கர் கோப்புகளை இன்றைக்கே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்கள், ஃபான்டுகளையும் சேர்த்து. ஃபான்டை மறந்துவிட்டு கோப்பை மட்டும் எடுத்து வைத்தவர்கள் நிறைய பேர்.

பழைய பைண்டர்:
ஃபான்டை மறந்தவர்களில் நானும் ஒருவன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. நகல் இருந்தது. ஃபான்ட் இல்லை.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், முகூர்த்த நாள் கூட்டம்.

லோகோ சார் சொன்னபடியே செய்தேன். மிண்ட் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து கடைக்கே வந்து போட்டுக் கொடுத்தார், டீக்குக்கூடக் காசு கொடுக்க விடவில்லை. முதல் நான்கு நாள் பெரிய அவஸ்தை. வீட்டம்மாதான் காலையில் கடை பார்ப்பார், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர், கை தானாக ஓடும். மிண்ட்டில் தமிழ்99 என்கிற வேறு விசைப்பலகை முறையை வைத்துக் கொடுத்துவிட்டோம். ஒரு விண்ணப்பம் அடிக்க முக்கால் மணி நேரம், எனக்கு விழுந்த திட்டு தனி. அப்புறம் தம்பியிடம் போனில் கேட்டு பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையை எம்17என் என்கிற விசைப்பலகைத் தொகுப்பிலிருந்து எடுத்து வைத்ததும் சமாதானம் ஆனார். பிரின்டர் மிண்ட்டில் ஓடவே இல்லை, இரண்டு மணி நேரம் முயற்சி செய்து விட்டுவிட்டோம். இப்போது இங்கே பிடிஎஃப் செய்து, பென் டிரைவில் எடுத்து, விண்டோஸ் மெஷினில் பிரின்ட். கிட்டத்தட்ட மூன்றடி தூரம்.

லோகோ ஒர்க்ஸ்:
விண்டோஸ் மெஷினிலேயே பிரின்டரை ஷேர் செய்தால் அந்த மூன்றடியும் மிச்சம். வலைப்பின்னல் வழியாகப் போனால் மிண்ட் பக்கத்துக்கு அந்த டிரைவர் தேவைப்படாத மாதிரியும் செய்யலாம், நடுவில் போஸ்ட்ஸ்கிரிப்டைப் பிடித்து மாற்றிக் கொடுக்க ஒரு சின்ன ஏற்பாடு வேண்டும். தனியாக எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
எழுதுங்கள் சார். மகன் பென்குயின் ரேஸை நண்பர்களுக்குக் காட்டி, இப்போது மாலையில் கடைக்குள் நாலு பையன்கள். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து கேரம் ஆடி உலகக் கோப்பை வாங்கினாளே காசிமா, அந்த மாதிரி கேரமாவது ஆடுங்களேன்டா என்றேன். கேரம் கேமும் டவுன்லோட் செய்துவிட்டார்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:
அண்ணே, மச்சானுக்குப் பையன் பிறந்திருக்கிறான், பேர் வைக்கிற விழாவுக்கு ஒரு பத்திரிகை அடிக்க வேண்டும். பெயர்ப் பட்டியலை எப்படி அனுப்பட்டும்?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ்:
தயவுசெய்து தமிழில் டைப் அடித்து அனுப்புங்கள். பேப்பரில் எழுதி, அதை ஆடுகிற கையால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:
எழுதி போட்டோ எடுத்துவிட்டேனே. கேட் திறந்ததும் நேரில் வருகிறேன்.